பன்னிரண்டு கிலோ தாங்கும் முக்காலி

அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை அப்படியே நம்புகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைகள். இன்னொன்று, கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் நான். குழந்தைகளை மன்னித்துவிடலாம். 'அதிகபட்ச எடை 12 கிலோ' என்று ஒரு கேமரா ஸ்டாண்டின் பெட்டியில் போட்டிருந்ததை நம்பி, அதன் மேல் ஒன்றரைக் கிலோ கேமராவை வைத்து, சொந்தக்காரர்கள் முப்பது பேருக்கு முன்னால் நான் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. வெட்கமும் வரும். ஆனால் அது அப்புறம்.

(யார் மேல் கோபம் என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி கேட்பார். பட்டியலே இருக்கிறது. அதில் அவர் பெயர் நான்காவது.)

ஆறேழு வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளியில் இருந்த ஒரு ஆசிரியர் மகனோடு போய்த் தங்குவதற்காக வெளிநாடு கிளம்பினார். அவருடைய பழைய கேமராவும், அதோடு ஒரு நீளமான கனத்த லென்சும் என்னிடம் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்தது. பள்ளி கிளம்புவதற்கு முன்னால் அடி அண்ணாமலைப் பக்கம் போய் மயில்களைப் படம் எடுப்பேன். நூற்றுக்கணக்கில் எடுத்தேன். எல்லாமே மங்கல். மயில் அசையாமல் நின்றாலும் என் கை நிற்காது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், கோழி நல்லா இருக்குது என்றார். நான் ஒரு ஸ்டாண்டு வாங்குவது என்று முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான்.

வாங்குவதற்குள் அண்ணன் வீட்டு விசேஷம் வந்துவிட்டது. பாஸ்கர் அண்ணன் வேங்கிக்காலில் புது வீடு கட்டி முடித்து, தை மாதத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தான். மேகலா அண்ணி சமையல், பந்தல், ஐயர் எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டு, போட்டோகிராபருக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை என்று என்னிடம் வந்து நின்றார். நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான், அதை மறைக்க விரும்பவில்லை.

"போட்டோகிராபர் எதுக்கு அண்ணி? நான் இருக்கேன்ல" என்றேன்.

அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோழிப் படம் அவரும் பார்த்திருந்தார். பிறகு, மற்றதெல்லாம் எப்படி வந்தாலும் பரவாயில்லை, ஒரே ஒரு குரூப் போட்டோ மட்டும் ஒழுங்காக வர வேண்டும், அதில் மாமாவும் சின்ன மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார்.

அந்த மாமாவும் சின்ன மாமாவும் யாரென்றால், என் அப்பாவும் ஏழுமலைச் சித்தப்பாவும். கூடப் பிறந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஊரில் இருவர் நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு. சித்தப்பா டிராக்டர் விட்டபோது அந்த வரப்பை அரை அடி சீவிவிட்டார் என்று அப்பா சொன்னார். மழையில் தானாகக் கரைந்தது என்று சித்தப்பா சொன்னார். அவ்வளவுதான் விஷயம். என் வீட்டுக்காரர் ராஜவேலு நில அளவைத் துறையில் சர்வேயர் என்பதால், வந்து அளந்து சொல்லும்படி இரண்டு பேருமே தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. சொந்தக்காரன் நிலத்தை அளக்கிற சர்வேயர் ரெண்டு வீட்டிலும் சோறு திங்க முடியாது என்று சொல்லிவிட்டார். (அவர் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது அது. இரண்டாவது, என்னைக் கட்டிக்கொண்டது என்பது என் கருத்து.)

அண்ணி விடவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குத் தானே போய் அழைத்தார். புள்ள வூடு, வரேன், ஆனா உன் மாமனார்கிட்ட பேசுவேன்னு எதிர்பாக்காதே என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். பேச வேண்டாம் மாமா, போட்டோவுக்கு மட்டும் பக்கத்துல நில்லுங்க என்று அண்ணி கேட்டிருக்கிறார். நிற்பது பேசுவதாகாது என்பதால் சித்தப்பா சம்மதித்தார். அப்பாவிடமும் இதையே சொல்லி அண்ணி சம்மதம் வாங்கினார். நாலு மாதம் பாடுபட்டு ஆட்களை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருவது அவர் பொறுப்பு. படம் எடுப்பது மட்டும் என் பொறுப்பு.

அந்தப் படத்தில் நானும் இருக்க வேண்டும் அல்லவா? கேமராவை நிறுத்திவிட்டு ஓடிப்போய் வரிசையில் நிற்க ஒரு ஸ்டாண்டு கட்டாயம் தேவைப்பட்டது.

அதைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட சிரமத்தை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. இரண்டு மாதம் இணையத்தில் கிடந்தேன். பனிமலை உச்சியில் நின்றுகொண்டு தாடிக்காரர்கள் எழுதிய விமர்சனங்களை எல்லாம் படித்தேன். நோட்டுப் போட்டுக் குறிப்பு எடுத்தேன். காலில் மடிப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு உறுதி. மடிப்பு கூடக் கூடக் கடைசித் துண்டு குச்சியாக மெலிந்துவிடும். நடுத்தண்டை உயர்த்துவது மூன்று கால் ஸ்டாண்டை ஒற்றைக் கால் ஸ்டாண்டு ஆக்குவதற்குச் சமம். எல்லாவற்றையும் விட முக்கியம் பால் ஹெட். கேமரா உட்காருகிற தலை அது. உள்ளே ஒரு உலோகக் குண்டு இருக்கும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்த்து ஒரே திருகில் இறுக்கிக்கொள்ளலாம். இறுக்கிய பிறகு அது இம்மி கூட நழுவக்கூடாது. காலுக்குக் கொடுக்கிற காசைத் தலைக்கும் கொடுக்க வேண்டும். இத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கோபமே. தெரியாமல் விழுந்தவளுக்காவது ஓர் ஆறுதல் உண்டு.

ஒருநாள் அண்ணியிடம் போனில் பேசும்போது, இன்னும் பால் ஹெட் மட்டும் முடிவாகவில்லை என்றேன். பாலெல்லாம் நீ ஒண்ணும் வாங்காத சுகந்தி, இருபது லிட்டர் சொல்லியாச்சு என்றார் அண்ணி.

என் வீட்டுக்காரரிடமும் ஆலோசனை கேட்டேன். வேலை நாளெல்லாம் முக்காலியோடு வயல்வெளியில் அலைகிறவர் ஆயிற்றே. அவர் சொன்னது இரண்டே விஷயம். கால் கெட்டியாக இருக்க வேண்டும், தலை ஆடக்கூடாது. அவர்களுடைய ஸ்டாண்டு பழைய கட்டையில் செய்ததாம், மாடு வந்து முட்டினால் மாட்டுக்குத்தான் அடிபடுமாம். நான் சிரித்துக்கொண்டேன். கல்லையும் வரப்பையும் அளக்கிறவருக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு.

பெரிய தேர் நிற்கும் பக்கத்தில் ஒரு கடை. மொபைல் உறை, செல்ஃபி குச்சி, வட்ட விளக்கு எல்லாம் விற்பார்கள். கேமரா சாமான்களும் கொஞ்சம் உண்டு. கடைக்காரர் நிதானமான மனிதர். இரண்டு ஸ்டாண்டுகளை எடுத்து வைத்தார்.

முதலாவது கறுப்பு. மேலே ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. காலுக்கு மூன்றே துண்டு, தடித்தடியாக. தலை முழு உலோகம், எலுமிச்சம்பழ அளவுக்குக் குண்டு. தூக்கினால் தோள் இறங்கியது. பெட்டியில் 'அதிகபட்ச எடை 8 கிலோ' என்று போட்டிருந்தது.

இரண்டாவது பளபள. காலுக்கு ஐந்து துண்டு. மடித்தால் கைப்பைக்குள் போய்விடும். தலையைச் சுற்றி மயில் கழுத்து நிறத்தில் ஒரு வளையம். ரசமட்டம் ஒன்று, போன் மாட்டும் கொக்கி ஒன்று, இலவசப் பை ஒன்று. அதற்கு மேல் ஒரு திசைகாட்டி வேறு. (கேமரா ஸ்டாண்டில் திசைகாட்டி எதற்கு? அதுவும் திருவண்ணாமலையில்? தலையைத் தூக்கினால் மலை தெரிகிற ஊரில் எவன் திசை தெரியாமல் தவிக்கிறான்? இந்தக் கேள்வியெல்லாம் இப்போது வருகிறது.) பெட்டியில் 'அதிகபட்ச எடை 12 கிலோ'.

விலை கம்மி, கனம் கம்மி, தாங்கும் எடை மட்டும் ஜாஸ்தி. மூன்றும் ஒருசேரக் கிடைத்தால் அதில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று சந்தேகப்படுவதற்கு இயற்பியல் கூட வேண்டாம், தெருவில் கத்தரிக்காய் வாங்கிய அனுபவம் போதும். நான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு எட்டை விடப் பெரியது. என் பல்கலைக்கழகப் படிப்பு அந்த இடத்தில் எனக்கு அவ்வளவுதான் உதவியது.

கடைக்காரர் நியாயமாகத்தான் சொன்னார். "இந்தக் கறுப்ப எடுத்துக்கங்க மேடம். கனம் ஜாஸ்திதான், ஆனா நிக்கும்."

விற்காத பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, பளபளவைக் காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் கட்டிக் கொடுத்துவிட்டார். அவர் பெயர் பட்டியலில் இரண்டாவது. விஷயம் தெரிந்த மனிதர், இன்னும் இரண்டு முறை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு வாடிக்கையாளர் சொன்னவுடன் விட்டுவிடுவதா? (மூன்றாவது இடம் அந்தப் பெட்டியை அச்சடித்தவனுக்கு. அவன் எந்த நாட்டில் இருக்கிறானோ தெரியாது. இருந்தாலும் இடத்தைக் கொடுத்திருக்கிறேன்.)

வீட்டுக்கு வந்து கூடத்தில் விரித்து, கேமராவை மாட்டி இறுக்கினேன். ராஜவேலு வந்து சுற்றிப் பார்த்தார். ஒற்றை விரலால் லென்சின் நுனியை லேசாக அழுத்தினார். கேமரா மெல்லத் தலை குனிந்தது.

"இது தலைய ஆட்டுது சுகந்தி" என்றார்.

புதுசு, இன்னும் திருகு செட் ஆகவில்லை என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு அவர் செய்தி பார்க்கப் போய்விட்டார். நான்காவது இடம் இதற்காகத்தான். ஒரு சர்வேயர், முப்பது ஏக்கரை அங்குலம் பிசகாமல் அளக்கிறவர், பெண்டாட்டி சொன்ன ஒரே பொய்யைக் கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போகலாமா?

பால் காய்ச்சும் நாளும் வந்தது. காலையில் ஹோமம், புகை, கண்ணெரிச்சல். பால் நல்லபடியாகப் பொங்கியது. ஒன்பதரை மணிக்கு எல்லோரையும் வாசலில் நிற்க வைத்தோம். எனக்கு வீடும் வர வேண்டும், முப்பது பேரும் வர வேண்டும், வீட்டுக்குப் பின்னால் மலையும் வர வேண்டும். அதற்காகத் தெருவின் எதிர்ப்பக்கத்துக் காலிமனைக்குப் போனேன். யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் அங்கே கிடந்தது. மனையெல்லாம் பொதபொத என்று மண். ஐந்து துண்டுகளையும் கடைசி வரை இழுத்து விட்டேன். உயரம் போதவில்லை என்று, செய்யவே கூடாது என்று நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்த அந்த நடுத்தண்டையும் உயர்த்தினேன்.

அங்கே அண்ணி அப்பாவை நடுவில் நிறுத்தி, சித்தப்பாவைப் பக்கத்தில் கொண்டுவந்தார். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு மாடு தாராளமாக நடந்து போகலாம். அண்ணி ஒருவர் முழங்கையைப் பிடித்து இழுத்து, இன்னொருவர் முதுகில் கைவைத்துத் தள்ளி, இடைவெளியைக் கன்றுக்குட்டி அளவுக்குக் குறைத்தார். அப்பா மேற்கே பார்த்தார். சித்தப்பா கிழக்கே பார்த்தார். சீக்கிரம் எடு சுகந்தி என்று அண்ணி கண்ணாலேயே சொன்னார்.

பத்து விநாடி வைத்து அழுத்திவிட்டு ஓடினேன். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி, வரிசையின் ஓரத்தில் நின்று, மூச்சைப் பிடித்துச் சிரித்தேன். எல்லோரும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கண் முன்னாலேயே அது தலையைக் குனியத் தொடங்கியது. வேகமாக இல்லை. மூத்தவர்கள் எதிரில் வந்துவிட்ட மருமகள் மாதிரி, மெல்ல, மரியாதையோடு. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு கிளிக் என்றது.

போய்ப் பார்த்தேன். முப்பது ஜோடிப் பாதங்கள் மிகத் தெளிவாக விழுந்திருந்தன. என் வாழ்நாளில் அதுவரை எடுத்த படங்களிலேயே மங்கலில்லாத முதல் படம்.

அங்கேதான் என்னுள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். பத்து விநாடியில் இத்தனை பாகை குனிகிறது என்றால், அத்தனை பாகை மேலே தூக்கி வைத்துவிட்டால் சரியாகப் பத்தாவது விநாடியில் நேராக வந்து நிற்கும். இதை நான் சத்தமாகவே விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. வானத்தைப் பார்க்க வைத்து, அழுத்தி, ஓடினேன். இந்த முறை அது குனியவே இல்லை. சிலை மாதிரி நின்றது. மலை உச்சியும், ஒரு மேகமும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் அழகாக விழுந்தன. மனிதர் ஒருவர் கூட இல்லை.

பாஸ்கர் அண்ணன், போன்லயே எடுத்துரலாமா என்று கேட்டான். கூடப் பிறந்தவனே இப்படிக் கேட்கலாமா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தையெல்லாம் கையில் திரட்டித் திருகை இறுக்கினேன். திருகு கையோடு வந்துவிட்டது. உலோகம் என்று நினைத்திருந்தேன், பிளாஸ்டிக்கின் மேல் பூச்சு. பந்தல்காரர் விட்டுப் போயிருந்த சணல் கயிறு கிடைத்தது. தலையைச் சுற்றி ஏழு சுற்று கட்டி முடிச்சுப் போட்டேன். மயில் கழுத்து வளையம் மறைந்தே போனது.

வெயில் ஏறிவிட்டது. பெரியவர்கள் கால் மாற்றி நிற்க ஆரம்பித்தார்கள். கன்றுக்குட்டி அளவு இடைவெளி மறுபடியும் மாடு அளவு ஆகிக்கொண்டிருந்தது. இதுதான் கடைசி என்று கெஞ்சிவிட்டு, அழுத்தி, ஓடினேன்.

நான் பாதித் தெருவில் இருக்கும்போதே, எதிரில் நிற்பவர்கள் முகமெல்லாம் மாறுவதைப் பார்த்தேன். திரும்பினேன். தலை குனியவில்லை, கயிறு பிடித்துக்கொண்டது. பதிலாக ஒரு காலின் கடைசித் துண்டு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அதன் அடிப்பரப்புக்கு வெளியே விழுந்தால் அந்தப் பொருள் கவிழும் என்று முந்தின வாரம்தான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருந்தேன். இப்போது அதற்குச் செய்முறை விளக்கம். எனக்குக் கால் நகரவில்லை.

நகர்ந்தது அப்பாவும் சித்தப்பாவும். நடு வரிசையில், முன்னால் நின்றதால் அவர்களுக்குத்தான் வழி இருந்தது. இரண்டு பேரும் எழுபதை நெருங்கியவர்கள். புது வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல், என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். சித்தப்பா ஸ்டாண்டின் காலைப் பிடித்தார். கடைசித் துண்டு உருவிக்கொண்டு அவர் கையோடு வந்தது. அப்பா கேமராவின் வாரைப் பிடித்தார். தலையோடு கழன்று கேமரா ஊஞ்சல் மாதிரி ஒரு வீச்சு வீசி வந்து அவர் முழங்காலில் இடித்தது. அப்பா சித்தப்பா மேல் சாய்ந்தார். சித்தப்பா மணல் குவியல் மேல் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கேமரா கிளிக் என்றது. (அந்தப் படத்தில் பாதி மீசையும் ஒரு காதும் இருக்கின்றன. மீசை யாருடையது என்று தெரியும். காது யாருடையது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.)

சித்தப்பா கையில் ஒரு அலுமினியக் குச்சியோடு மணலில் உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ண்ணா, அடி பட்டுச்சா?" என்றார் சித்தப்பா.

ஆறு வருடத்தில் முதல் பேச்சு. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லடா. உன் வேட்டியப் பாரு, கிழிஞ்சிட்டுது."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஓடிப்போய் இருவரையும் தூக்கிவிட வேண்டும் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குள் அப்பா என் பக்கம் திரும்பிவிட்டார்.

"இது இன்னா ஸ்டாண்டு? இத்த யாரு உன்ன வாங்கச் சொன்னது?"

"கரும்புச் சோகையில செஞ்ச மாரி இருக்குதுண்ணா" என்றார் சித்தப்பா, குச்சியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு, தெருவைத் தாண்டி, பந்திக்குப் போய்ப் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். ஆறு வருடப் பேச்சு பாக்கி இருந்தது அல்லவா? முழுவதையும் என்னைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். சின்ன வயதில் நான் சைக்கிளை வாய்க்காலில் விட்டது, ஊறவைத்த விதை வேர்க்கடலையை வறுத்துவிட்டது, மோட்டார் போடச் சொன்னால் பக்கத்து நிலத்து மோட்டாரைப் போட்டது. ஒருவர் தொடங்குவார், மற்றவர் முடிப்பார். எனக்கே மறந்துபோன குற்றங்கள் அவர்களுக்கு ஞாபகம் இருந்தன. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, பாயசத்துக்கு இரண்டு. பரிமாறிக்கொண்டிருந்தது நான். ஒரு வாய் வார்த்தை, சுகந்தியால்தான் இன்றைக்கு நாம் பேசினோம் என்று ஒரு வார்த்தை, இரண்டு பேரில் ஒருவர் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து என்றுதான் சொன்னார்கள்.

அம்மா பின்கட்டில் அழுதுகொண்டிருந்தாள். கேமராவுக்காக என்று நினைத்து, பரவாயில்லம்மா, லென்ஸ் உடையல என்று ஆறுதல் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அண்ணி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, போட்டோ? என்று கேட்டார். பாதங்கள், தண்ணீர்த் தொட்டி, மீசை மூன்றையும் காட்டினேன். எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்துவிட்டிருந்தார்கள். அண்ணி நீண்ட மூச்சு விட்டார். "போட்டோகிராபர வெச்சிருந்தா ரெண்டு பேரும் பேசியிருக்க மாட்டாங்க, அது சரிதான்" என்றார். "ஆனா போட்டோ இருந்திருக்கும்."

வரப்புத் தகராறு இன்னும் தீரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு பேசாமல் சண்டை போட்டார்கள், இப்போது பேசிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். ராஜவேலு இன்னமும் அளக்கப் போகவில்லை.

அடுத்த வாரம் உடைந்த துண்டுகளையும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு, பேச வேண்டிய வசனங்களை ஸ்கூட்டரில் ஒத்திகை பார்த்துக்கொண்டே கடைக்குப் போனேன். கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு கிலோ என்பது நேராக மேலே வைத்தால் மேடம், உங்கள் லென்சு முன்னால் நீட்டிக்கொண்டு இழுக்கிறதே என்றார். திருப்புவிசை. பதினொன்றாம் வகுப்பு, முதல் தொகுதி. செல்ஃபி குச்சி விற்கிறவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். நான் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்று கூட வெளியே வரவில்லை. அந்தக் கறுப்பு இன்னும் இருக்குதா என்றுதான் கேட்க முடிந்தது. இருந்தது. தூசி கூட அதே தூசி.

அதை வாங்கப் போகும்போது ராஜவேலுவையும் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியை நாங்கள் படிக்கவே இல்லை. காலை முழுவதும் விரித்து, அவர் தன் உடம்புக் கனத்தையெல்லாம் மேலே போட்டு அழுத்தினார். ஒரு காலைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார். கேமராவை மாட்டித் தலையை இறுக்கி, லென்சின் நுனியில் நான் பரீட்சைத் தாள் கட்டோடு இருந்த என் கைப்பையைத் தொங்கவிட்டேன். கேமரா வழியே எதிர்ச் சுவரில் பளிச்சென்று தெரிந்த ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்துப் பார்த்தால் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. விலை, முதலில் வாங்கியதை விடக் கொஞ்சம்தான் கூட. இரண்டையும் வாங்கியவள் என்ற முறையில் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது எனக்குத்தான் தெரியும். இப்போது அடி அண்ணாமலை மயில்கள் தோகையில் கண் கண்ணாக விழுகின்றன. தோள்பட்டையில் தழும்பு இருக்கிறது. யாராவது என்னிடம் எந்த ஸ்டாண்டு வாங்கலாம் என்று கேட்டால், தூக்கும்போது திட்டத் தோன்றுகிறதா பாருங்கள், தோன்றினால் வாங்குங்கள் என்கிறேன்.

ஆனால் வீட்டில் அந்த ஒரு நாளை யாரும் விடுவதாக இல்லை. சொந்தத்தில் எங்கே இரண்டு பேர் முகம் திருப்பிக்கொண்டாலும், சுகந்தியக் கூப்புடு, வந்து ஒரு போட்டோ எடுக்கட்டும் என்பார்கள். கல்யாண வீடோ காரியமோ, இதைச் சொல்லி யாராவது சிரிக்காமல் பந்தி முடிவதில்லை. நான் ஒரு முறை கூடச் சிரித்ததில்லை.

போன ஆவணியில் மேகலா அண்ணி வீட்டில் பேத்திக்குக் காது குத்து. அண்ணிக்கும் அவர் தங்கைக்கும் ஒரு பட்டுப்புடவை விஷயத்தில் எட்டு மாதமாகப் பேச்சில்லை. சித்தப்பாவே எனக்கு போன் பண்ணினார், ஸ்டாண்ட மறக்காம எடுத்தாம்மா என்று. தூக்கிக்கொண்டு போனேன். கூடத்தின் நடுவில் விரித்து வைத்துக் கேமராவை மாட்டினேன். சித்தப்பா வந்து சுற்றிப் பார்த்தார். ஒரு காலைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. லென்சை அழுத்தினார். குனியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவும் வந்து இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அது மலை மாதிரி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஒரு பாராட்டாவது வரும் என்று காத்திருந்தேன்.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது வேலைக்கு ஆவாதுண்ணா" என்றார் சித்தப்பா, வருத்தத்தோடு. பிறகு என்னிடம் திரும்பி, "அந்தப் பழசு எங்கம்மா?" என்று கேட்டார்.